கிணற்றுப் பங்கும் பண வரம்பும்

இலங்கையின் 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம், மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழுள்ள ஆரம்ப நீதிமன்றத்தின் குடியியல் நியாயாதிக்கத்தை (உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை) 1,500 ரூபாவுக்கு உட்பட்ட கோரிக்கைகளுக்கு மட்டுப்படுத்தியது. பணவீக்கம் அந்த வரம்பை வெறும் எழுத்தாக்கிவிட, சிறு கடன் வழக்குகளும் மாவட்ட நீதிமன்றத்தின் நீண்ட வரிசையில் சேர்ந்தன. நீதிமன்றம் செல்லுமுன் சிறு பிணக்குகளைச் சமரசம் செய்ய முயலும் மத்தியஸ்த சபைகளுக்கு 1988இல் விதிக்கப்பட்ட 25,000 ரூபா எல்லை, திருத்தங்களின் வழியே 2016இல் ஐந்து இலட்சமானது. ஆயினும் அச்சபை இணக்கத்துக்கு முயலலாமே தவிரத் தீர்ப்பளிக்க முடியாது. இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழுடன் நீதிமன்றம் செல்ல வேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்தில் சிக்கலே வேறு. உறுதியில் (காணிப் பத்திரத்தில்) எழுதப்பட்ட பொதுக் கிணற்றுப் பங்கையும், பிறர் காணியூடாகச் செல்லும் வழி வாய்க்கால் உரிமையையும் எந்தத் தொகையில் மதிப்பிடுவது? அமைதிக்குப் பங்கம் நேருமிடத்து, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் ஆரம்ப நீதிமன்றம் தற்காலிகக் கட்டளை வழங்கலாம்; இறுதி உரித்தை மாவட்ட நீதிமன்றமே தீர்மானிக்கும். ஆரம்ப நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தை விரிவாக்கும் எந்தச் சட்டவாக்கமும் தொகையை மட்டும் உயர்த்தாமல், இத்தகைய கிணற்று, பாதைப் பிணக்குகளின் இறுதித் தீர்மானத்தையும் அந்நீதிமன்றத்திடமே ஒப்படைக்க வேண்டும் என்பது என் கருத்து. (சட்டத்தரணி நண்பர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள்.)