சாவியைத் திருப்பும் முன்: ஒரு பியூஜோ 205 ஜிடிஐயை மீட்ட அனுபவம்

நெடுங்காலம் நின்றுபோன காரைக் கண்டதும் எல்லோரும் கேட்பது, "ஸ்டார்ட் ஆகுமா?" என்பதைத்தான். லண்டனில் சித்தப்பாவின் கராஜில் இருபது ஆண்டுகளுக்கு மேல் முடங்கிக் கிடந்த 205 ஜிடிஐயை, பியூஜோ என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் வேகமான சிறிய காரை, என்னிடம் கொடுத்தபோது அவரும், "புது பேட்டரியைப் போட்டுப் பாரேன்" என்றார். "இப்போது வேண்டாம், சித்தப்பா" என்றேன். நின்ற காரில் எஞ்சினை அவ்வளவு எளிதாகக் கொல்ல முடியாது, அவசரப்பட்டு நாமே கொன்றால் ஒழிய.

1984இல் 1.6 லிட்டர் எஞ்சினுடன் வந்த ஜிடிஐக்கு, 1986இல் 1.9 லிட்டரில் 130 குதிரைத்திறனுடன் ஒரு தம்பி பிறந்தான். எனக்கு வாய்த்தது அந்தத் தம்பி, 1990 மாடல். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு ஊறவைத்தேன். பிறகு ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே சுற்றினேன், தடையில்லாமல் சுழன்றது. இருந்தும் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றாமல் சாவியைத் தொடவில்லை. பழைய பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இது அலுமினிய பிளாக். சிலிண்டர் உறைகளைக் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், நேரடியாகத் தொட்டு ஓடுகிறது. அதனால் ரேடியேட்டரிலிருந்து வடிந்த செந்நிறக் குழம்பைப் பார்த்ததும், தெளிந்த நீர் வரும்வரை அலசினேன்.

பெட்ரோல் டாங்க்கைத் திறந்தால் வார்னிஷ் நாற்றம். அந்தப் பெட்ரோல் ஒரு சொட்டுகூட, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் பக்கம் போகக் கூடாது. டாங்க்கைக் காலி செய்து, இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்யக் கொடுத்து, ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் புதிய குழாய்களாக மாற்றினேன். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்றாலே இ10, அதாவது பத்து விழுக்காடு வரை எத்தனால். குழாய்கள் புதியவைதான், ஆனாலும் இ5 சூப்பர் பெட்ரோல்தான் போடுகிறேன். காசு கூடத்தான், ஆனால் நிம்மதி.

பணத்தையும் பொறுமையையும் தின்றது பின் அச்சு. 205இன் பின் சக்கரங்களைத் தாங்கும் கைகள் குறுக்குக் குழாய்க்குள் இருக்கும் ஊசி பேரிங்குகளின் மீது திரும்புகின்றன. சீல் கெட்டால் தண்ணீர் இறங்கும், பேரிங் துருப்பிடிக்கும், ஷாஃப்ட்டில் பள்ளம் விழும். வெளியே தெரிவது ஒன்றுதான்: சக்கரத்தின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். என் காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டியதும் 'டக்' என்ற சத்தம் கேட்டது. கழற்றிப் பார்த்தால் பேரிங்கின் ஊசிகள் செந்துருப் பொடியோடு கையில் கொட்டின. ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகள் பற்களோடு இறுகிக் கிடந்தன. எந்தப் பல் எதில் பொருந்தியிருந்தது என்று குறித்துவைத்துத்தான் உருவ வேண்டும்; ஒரு பல் தள்ளி மாட்டினாலும் காரின் உயரம் மாறிவிடும். சூடாக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, தட்டித் தட்டித்தான் அவை அசைந்தன. திருப்பத்தில் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்கும் என்பது இந்தக் காரின் பழைய கெட்ட பெயர். தேய்ந்த அச்சோடு அதைச் சோதிக்கிற துணிச்சல் எனக்கில்லை.

பிரேக்கில் யோசிக்க எதுவுமில்லை. 1.9இல் பின்னாலும் டிஸ்க்; டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் நான்கு காலிப்பர்களையும் பிரித்து சீல் மாற்றி, குழாய்களும் டாட் 4 தரப் பிரேக் ஆயிலும் புதிதாகப் போட்டேன். டயர்களில் வரிப்பள்ளம் ஆழமாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 2302 என்ற எண்: 2002ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. நான்கையும் தூக்கிப் போட்டேன்.

கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பிரிட்டனில் பார்க்கும் எம்ஓடி சோதனைக்கு முன்பதிவு இருந்தால், சாலை வரி கட்டாத காரையும் அங்கே ஓட்டிப்போகலாம். காப்பீடு மட்டும் கட்டாயம். இந்த வயதுக் காருக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 3.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முதல் முறை தாண்டியது. கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சார் செத்துப்போய், எஞ்சின் எப்போதும் குளிர்ந்திருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பிப் பெட்ரோல் தாராளமாகப் பாய்ந்தது. சென்சாரை மாற்றியதும் தேறிவிட்டது.

மங்கிப்போன சிவப்பு பெயின்ட்டைத் தொடவில்லை, தொடும் எண்ணமும் இல்லை. அடுத்த வேலை, ஓட்டுநர் பக்கக் கதவின் அடியில் தொடங்கியிருக்கும் துரு.