எட்டுக்குப் பத்தும் மாமாவின் காதுகளும்

ஆறு வருடமாக நான் படம் எடுப்பது நாலுக்கு அஞ்சு அங்குல ஷீட் ஃபிலிமில்தான், ஒரு படத்துக்கு ஒரு தாள். போன தீபாவளிக்குப் பிறகு எட்டுக்குப் பத்து. இரண்டு பக்கமும் இரட்டிப்பு, அதே வேலையைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யப்போகிறோம் என்று நினைத்துத்தான் ஜப்பானிலிருந்து ஒரு பழைய மரக் கேமராவை வரவழைத்தேன். ஒரு எட்டுக்குப் பத்து ஷீட்டில் நாலு நாலுக்கு அஞ்சு வெட்டலாம் என்பது ஃபிலிம் பெட்டி விலையைப் பார்த்த அன்றுதான் மண்டையில் சரியாக ஏறியது.

லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் துருத்தி மாதிரி மடிந்து நீளும் பெல்லோஸ் நன்றாக இருக்கிறது என்று விற்றவர் எழுதியிருந்தார். ராத்திரி விளக்கை அணைத்து உள்ளே டார்ச் லைட்டை விட்டேன். மடிப்பு மூலைகளில் பதினோரு ஓட்டை, வானத்தில் நட்சத்திரம் மாதிரி. கருப்புத் துணிப் பெயிண்டை இரண்டு கோட் அடித்து அடைத்தாயிற்று. பழைய கேமரா வாங்குகிறவர்கள் படம் எடுக்கும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் ஹோல்டரில், அதாவது ஷீட்டை வெளிச்சம் படாமல் கேமராவுக்குள் வைக்கும் உறையில், ஃபிலிம் போடுவது. நாலுக்கு அஞ்சுக்கு நான் வைத்திருந்த, கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யும் இருட்டுப் பையான சேஞ்சிங் பேக்கில் இந்த ஹோல்டரை வைத்தால் கை உள்ளே போக இடமில்லை. அதனால் குளியலறை, ராத்திரி பத்து மணிக்கு மேல், கதவுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து. பினாங்குப் புழுக்கத்தில் மூடிய குளியலறையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். ஷீட்டை நெட்டுக்கு நிறுத்தி, வெட்டுக்குறி மேலே வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் எமல்ஷன், அதாவது படம் பதியும் பூச்சு, நம்மைப் பார்த்து இருக்கிறது. இதெல்லாம் பழகியதுதான். பழகாதது, மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை. விழுந்தது தெரிந்தது, எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. டெவலப் செய்த பிறகு தெரிந்தது, வானத்தின் நடுவில், நாணயம் அளவுக்கு. இப்போது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.

ஆனால் இதெல்லாம் தொல்லைதானே தவிர, மாற்றம் இல்லை. நிஜமான மாற்றம் என்ன என்பதை மாமாதான் காட்டிக் கொடுத்தார். லிட்டில் இந்தியாவில் அவருக்குப் பாத்திரக்கடை. அஞ்சடி வரைக்கும் அண்டா, கூஜா, குத்துவிளக்கு எல்லாம் அடுக்கி இருக்கும், நடுவில் ஸ்டூல் போட்டு மாமா. வெளிச்சம் தெருப்பக்கத்திலிருந்து மெதுவாக உள்ளே வரும். அங்கே நாலுக்கு அஞ்சில் அவரை எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன், 150 மி.மீ. லென்ஸ், துவாரம் எஃப் 11 (எண் கூடினால் துவாரம் சின்னதாகும்), கால் வினாடி, முகம் முழுக்கத் தெளிவாக வரும். அதே இடம், அதே ஸ்டூல், எட்டுக்குப் பத்தில் 300 மி.மீ. லென்ஸ், அதே எஃப் 11, அதே எச்.பி.5 ஃபிலிம். கண் இமை முடி ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது, காது இரண்டும் மங்கிக் காணாமல் போனது. நெகட்டிவும் வெளிச்சம் போதாமல் ஒல்லியாக இருந்தது, அதற்குக் காரணம் வேறு.

படத்துக்குள் வரும் காட்சி ஒன்றுதான், ஆனால் லென்ஸ் இரண்டு மடங்கு நீளம். இரண்டிலிருந்தும் ஒரே அளவு பிரிண்ட் போட்டால், முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும் ஆழம் நாலுக்கு அஞ்சில் எஃப் 16-இல் கிடைத்தால், அதே ஆழத்துக்கு இங்கே எஃப் 32 வேண்டும். இரண்டு ஸ்டாப் போனது, அதாவது வெளிச்சம் கால் பங்கு. பக்கத்தில் போய் ஃபோகஸ் செய்ததில் பெல்லோஸ் 375 மி.மீ. வரை நீண்டிருந்தது, அதற்கு ஒன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேலே வெளிச்சம் தரவேண்டும், முதல் தடவை நான் மறந்தது இதைத்தான். சரி என்று மறுபடி உட்கார வைத்து, எஃப் 32 வைத்துப் பார்த்தால் மீட்டர் இரண்டு வினாடி சொன்னது, பெல்லோஸுக்குக் கூட்டி மூன்று, நேரம் நீண்டால் ஃபிலிம் மந்தமாகும் ரெசிப்ராசிட்டிக்கும் கூட்டி நாலரை வினாடி. எழுபது வயது மனிதர் நாலரை வினாடி அசையாமல் இருக்கவேண்டும். ஸ்டூலைப் பின்னால் தள்ளி, தலையைக் கதவுப் பலகையில் சாய்க்கச் சொன்னேன். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைப்பார்களாம், சும்மா இல்லை.

எடுத்து முடித்ததும் மாமா கேட்டார், "எத்தனை எடுத்தே?"

"ஒண்ணு, மாமா."

"ஒண்ணுக்கா இவ்வளோ நேரம் உட்கார வச்சே?"

பழகுவதற்கு எக்ஸ்ரே ஃபிலிம் வாங்கச் சொல்வார்கள், விலை மலிவு, சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே டெவலப் செய்யலாம். வாங்கினேன். பல வகைகளில் இரண்டு பக்கமும் எமல்ஷன், நகம் பட்டாலே கீறும். அதைவிட, சிவப்பு அதற்குத் தெரியாது. நம் ஆட்களை எடுத்தால் இருக்கிற நிறத்துக்கு இன்னும் இரண்டு படி கருப்பாக்கி விடும். மரம், கட்டடத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

எச்.பி.5-க்கு டெவலப்பர் ஐடி-11, தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று. 20 டிகிரிக்கு 13 நிமிடம். எங்கள் குழாய்த் தண்ணீர் 28 டிகிரிக்குக் குறையாது. ஐஸ் பையைப் போட்டு 24-க்கு இறக்கி, ஒன்பது நிமிடம் போல ட்ரேயை ஆட்டுகிறேன், ஒரு நேரத்துக்கு ஒரு ஷீட். நாலுக்கு அஞ்சில் ஆறு ஷீட்டைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டவன் நான்.

எதற்கு இத்தனை பாடு என்றால் கான்டாக்ட் பிரிண்டுக்கு. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜர் இந்த அளவுக்கு என்றால் அலமாரி மாதிரி இருக்கும், வீட்டில் வைத்தால் மனைவி வெளியே போய்விடுவாள். அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் எட்டுக்குப் பத்து நெகட்டிவைப் பேப்பர் மேல் வைத்து அப்படியேதான் பிரிண்ட் போட்டார். நானும் படச்சட்டக் கடையில் ஒரு கண்ணாடி வெட்டி வாங்கி, மேலே ஒரு சின்ன பல்ப் தொங்கவிட்டிருக்கிறேன். பெரிதாக்குவது என்ற பேச்சே இல்லாத அந்தக் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்களை ஸ்கேன் செய்து திரையில் காட்ட எனக்குத் தெரியவில்லை. கையில் வாங்கிப் பார்க்கவேண்டும்.

நடந்து அலைந்து எடுப்பதற்கு இன்னும் நாலுக்கு அஞ்சுதான், அதை விற்கமாட்டேன். படாங் கோத்தா கடற்கரையில் பெரியதை ஒரே ஒருமுறை நிறுத்தினேன், காற்றில் பெல்லோஸ் பாய்மரம் மாதிரி ஆடியது, படம் எடுக்காமலே மடித்துக்கொண்டு வந்தேன்.

மாமாவிடம் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காது இரண்டும் இருந்தன. அவர் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கல்லாவிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, தோள் பக்கத்தில் இருந்த சொம்பின் மேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதிலே 18 வெள்ளின்னு இருக்கு. அது பழைய விலை. அழிக்க முடியுமா?"

முடியாது மாமா என்றேன். மறுவாரம் போனபோது அந்தச் சொம்பில் புது ஸ்டிக்கர், 26 வெள்ளி.