வார்டு நோட்டிலிருந்து ஒரு காலத்தொடர்

புள்ளியியல் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு நான் எடுத்தது, கடலூரில் ஒரு சின்ன மருத்துவமனையின் வார்டில் தினமும் ராத்திரி 12 மணிக்கு எத்தனை நோயாளிகள் படுத்திருக்கிறார்கள் என்ற கணக்கு. அனுமதி வாங்கியது, நோட்டைப் பார்த்து எக்செலில் ஏற்றியது எல்லாம் வெறும் பொறுமை வேலை.

பாடத்தில் எல்லோரும் படிப்பது பாக்ஸும் ஜென்கின்ஸும் 1970-இல் புத்தகமாகப் போட்ட அரிமா (ARIMA) முறை; பழைய எண்களை வைத்து அடுத்த எண்ணைக் கணிப்பது. அதை ஓட்டினால் நாளைக்கு 3.4 பேர் என்கிறது. ஆள் குறைந்த வாரங்களில் கணிப்பின் 95 சதவீத இடைவெளியின் (நாளைய எண் பெரும்பாலும் விழும் என்று மாடல் சொல்லும் எல்லைகளின்) கீழ்முனை பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. நூற்றுக்கணக்கில் ஆள் இருந்தால் இதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. இங்கே சராசரியே ஐந்து.

கைடு மேடம் ஒன்றுதான் கேட்டார்: "நேத்து இருந்தவங்கள்ல இன்னைக்கும் இருக்கறது யார், புதுசா வந்தது யார்?" முழு எண்ணிக்கைகளுக்கென்றே உள்ள ஐஎன்ஏஆர் (INAR) மாடல் முழுக்க இந்தக் கேள்விதான். நேற்றைய நோயாளி ஒவ்வொருவரும் ஆல்ஃபா என்ற நிகழ்தகவில் தங்குகிறார். அதோடு பாய்சான் பரவலில் (எண்ணிக்கைகளுக்கான, சராசரியும் பரவற்படியும் சமமாக இருக்கும் நிகழ்தகவுப் பரவல்) புதியவர்கள் சேர்கிறார்கள். 1980-களில் மெக்கென்சியும், அல்-ஓஷ், அல்ஸைத் இருவரும் வளர்த்த மாடல். எனக்கு ஆல்ஃபா 0.7, புது வரவு நாளுக்கு 1.5 என்ற அளவில் வந்தது. 1.5-ஐ, கிளம்பும் நிகழ்தகவான 0.3-ஆல் (1 - 0.7) வகுத்தால் 5, சராசரி சரி. ஒருவர் தங்குவது சராசரி மூன்று நாளுக்குக் கொஞ்சம் கூட. டிஸ்சார்ஜ் நோட்டும் அதையே சொன்னது. அரிமாவில் இப்படி ஒரு எண்ணை வார்டு வரைக்கும் கொண்டுபோய்ச் சரிபார்க்க முடியாது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

தொல்லை கொடுத்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது, அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம். அந்த நாட்களில் எண்ணிக்கை ஏறி நின்றது. புது வரவுதான் கூடியிருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். நோட்டில் வரவு வழக்கம்போலத்தான்; குணமானவர்கள் வீட்டுக்குப் போக வழியில்லாமல் தங்கிவிட்டார்கள். ஏறியது ஆல்ஃபா. அதனால் அந்த நாட்களுக்கு மட்டும் ஆல்ஃபாவைத் தனியாக மதிப்பிட்டேன்.

வைவாவில் பரவற்படி (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) சராசரியைவிடக் கூடுதலாக இருக்கிறதே, பாய்சான் ஏன் என்று பிடித்துக்கொண்டார்கள். நியாயமான கேள்வி, கூடுதல் சிதறலுக்கு இடம் தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவல் வைத்தும் ஓட்டியிருந்ததால் தப்பித்தேன். வார்டு சிஸ்டருக்கு இதெல்லாம் வேண்டாம். நாளைக்கு பெட் பத்தாமல் போக எவ்வளவு வாய்ப்பு என்றுதான் கேட்டார். அதை மட்டும் ஒரு எக்செல் ஷீட்டாகப் போட்டுக் கொடுத்தேன்.