குளிர்காலப் புறா வேட்டைக்கு உகந்த பொழுது

வேட்டைக்குப் போகிறவன் விடியலுக்கு முன்பே காட்டில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் எப்படியோ ஊறிப்போயிருந்தது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் குடியேறிய பிறகு, ஸ்வாஃபம் நகருக்குச் சற்றுத் தள்ளி நிலம் வைத்திருக்கும் ஒரு முதிய விவசாயி, தம் எண்ணெய்க்கடுகு வயலைப் புறாக்களிடமிருந்து காக்க உதவும்படி முதன்முறையாக என்னை அழைத்தபோது, அந்த எண்ணத்தோடுதான் போனேன். ஜனவரி மாதத்தில் காலை ஆறரை மணிக்கே, இருட்டில் கைவிளக்கைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, வேலியோரம் கம்புகளை நட்டு மறைவு வலையைக் கட்டி, உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு வெயில் எழுந்தது. வயல் முழுவதும் உறைபனி படிந்து, இலைகள் கண்ணாடித் துண்டுகளைப் போல விறைத்து நின்றன. தொலைவில் உயரே சில கூட்டங்கள் கடந்து போனதைத் தவிர, பத்தரை மணி வரை அந்த வயலில் ஒரு புறாகூட இறங்கவில்லை. விரல்கள் மரத்துப்போய், எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வரப்பு வழியே வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, பனி உருகி இலைகள் பச்சையாக மின்னத் தொடங்கியிருந்த அதே மூலையில், நான் எழுந்து வந்த இடத்துக்கு நேர் எதிரே, நூற்றுக்கும் மேற்பட்ட புறாக்கள் அலையலையாக வந்து இறங்கின. அப்போது மணி பதினொன்று.

அன்றிலிருந்து பல குளிர்காலங்களாக இந்தக் கேள்வியையே நான் பின்தொடர்ந்து வருகிறேன். குளிர்காலத்தில் புறா சுடுவதற்கு நாளின் எந்தப் பொழுது சிறந்தது? டிசம்பரிலும் ஜனவரியிலும் ஒரே ஒரு பொழுதைத்தான் தேர்ந்துகொள்ளலாம் என்றால், பயிர் நிற்கும் வயலில் காலை 11 மணி முதல் பிற்பகல் ஒன்றரை வரை உள்ள நேரத்தையே நான் தேர்வேன். அந்திப் பொழுது இரண்டாவது. விடியற்காலையைக் கடைசியில் வைப்பேன்.

இங்கே நான் சொல்லும் புறா நம் ஊர்க் கோயில் கோபுரங்களில் அடையும் மாடப்புறா அன்று. வுட் பிஜன் எனப்படும் காட்டுப்புறா, ஏறத்தாழ அரைக் கிலோ எடையும், முக்கால் மீட்டர் இறக்கை விரிவும், கழுத்தின் இருபுறமும் வெள்ளைத் திட்டும், பறக்கும்போது இறக்கையில் தெளிவாகத் தெரியும் வெள்ளைப் பட்டையும் கொண்ட பெரிய பறவை. பிரிட்டனில் இவை பல லட்சக்கணக்கில் உள்ளன. இலையுதிர்காலத்தில் ஓக் கொட்டைகளையும் பீச் மரக் கொட்டைகளையும், அறுவடை முடிந்த தாளடியில் சிந்திய தானியங்களையும் தின்று கொழுக்கும் இவற்றுக்கு, அந்த உணவெல்லாம் தீர்ந்த பின் எஞ்சுவது பசுந்தழை மட்டுமே. ஆகஸ்டு, செப்டம்பரில் விதைக்கப்பட்டு மறுகோடையில் அறுவடையாகும் எண்ணெய்க்கடுகு, அந்தக் குளிர்காலப் பசிக்கு விரித்த பந்தியாக அமைகிறது. இலைகளைக் கிழித்துத் தின்பதோடு நடுக்குருத்தையும் கொத்திவிடுவதால், பயிர் குட்டையாகி, சீரற்றுப் பூத்து, சீரற்று முற்றுகிறது.

புறாவின் நேரக் கணக்கு அதன் தீனிப்பைக்குள் இருக்கிறது. வீட்டில் கோழி அறுத்துப் பழகியவர்களுக்குக் கழுத்தின் அடியில் பை போல உப்பி நிற்கும் அந்த உறுப்பு நன்றாகத் தெரியும். நான் சுட்ட ஒவ்வொரு புறாவையும் என் கையாலேயே சுத்தம் செய்கிறேன். வீணாக எதையும் எறிவதில்லை என்பது நானே எனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. அப்படிச் சுத்தம் செய்யும்போதுதான் இந்தப் பாடம் கிடைத்தது. காலை ஒன்பது மணிக்கு விழுந்த பறவையின் பை ஏறத்தாழ வெறுமையாக இருக்கும். நண்பகலில் விழுந்ததில் கசங்கிய இலைத் துண்டுகள் ஒரு கைப்பிடிக்கும் குறைவாக இருக்கும். மாலை மூன்றரை மணிக்கு மரத்தில் அடைய வந்த பறவையிலோ, பை பந்தைப் போல இறுகி, கத்தி பட்டவுடன் பச்சை இலைகள் பிதுங்கி வெளியே விழும்.

காரணம் எளியது. தானியத்தைப் போலன்றிப் பசுந்தழையில் நீரே மிகுதி, சத்துக் குறைவு. தானியம் தின்னும் பறவை கொஞ்ச நேரத்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டு மரத்தில் ஓய்ந்திருக்கலாம். இலை தின்னும் பறவை நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்க வேண்டும். டிசம்பர் இறுதியில் நார்ஃபோக்கில் எட்டு மணிக்கு விடிந்து, மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. எட்டு மணி நேரம்கூட இல்லாத பகலில் தின்றதைக் கொண்டு, பதினாறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட உறையும் இரவைப் புறா கடந்தாக வேண்டும். இந்த நெருக்கடியை விளங்கிக்கொண்டால், எந்த நேரத்தில் அது எங்கே இருக்கும் என்பதை நூலைப் பிடித்தாற்போலச் சொல்லிவிடலாம்.

அவ்வளவு பசியிருந்தால் விடிந்தவுடனே வயலுக்கு வர வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். வருகின்றன, பனி இல்லாத நாள்களில். ஆனால் அப்போது அவை கூட்டங்கூட்டமாக அடைமரங்களிலிருந்து கிளம்பி, பரந்த நிலப்பரப்பில் பல வயல்களுக்குப் பிரிந்து போகின்றன. பெருங்கூட்டமாக வருவதால் நாம் சுடும் ஒரே வேட்டில் ஐந்நூறு பறவைகளும் எழுந்து வேறு ஊருக்கே போய்விடும். உறைபனி நாள்களில் நிலைமை இன்னும் மோசம். விறைத்த இலையைத் தின்னாமல் வெயில் படும் மரக்கிளைகளில் இறகை உப்பிக்கொண்டு காத்திருக்கும். பத்தரை, பதினொரு மணிக்குமேல்தான் காலைக் கூட்டங்கள் உடைந்து, இரண்டும் மூன்றும் ஐந்துமாக, இடம் தேடி, ஒரே பறவைப் பாதையில் திரும்பத் திரும்ப வரத் தொடங்குகின்றன. வேட்டைக்காரனுக்கு வேண்டியது இந்தச் சிறு வரவுகளே. ஒன்றைச் சுட்டால் அடுத்த மூன்றுக்கு அது தெரியாது.

நண்பகலைச் சிறப்பிக்க இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். டிசம்பர் நண்பகலில் இந்த நிலப்பகுதியில் சூரியன் தெற்குத் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 14 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அவ்வளவு தாழ்ந்த வெயிலை நேர்கொண்டு உட்கார்ந்தால், வருகிற பறவை வெறும் நிழலாகத் தெரியும். நம் முகமோ பறவைக்கு விளக்கைப் போலத் தெரியும். ஆகவே தெற்கு வேலியோரம் முதுகைக் கொடுத்து, வடக்கு நோக்கி அமர வேண்டும். இங்கே பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்று. புறா எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாகவே இறங்கும் என்பதால், வெயிலும் காற்றும் நம் முதுகுப் பக்கம் இருக்க, பறவைகள் நம்மை நோக்கியே வந்து இறங்கும். காலையிலும் மாலையிலும் இந்தப் பொருத்தம் எளிதில் அமையாது.

மறைவுக்கு முன்னால் 20, 25 கெஜத் தொலைவில் பொம்மைப் புறாக்களைக் குதிரை லாட வடிவில் பரப்பி, நடுவே வெறுமையாக ஓர் இடத்தை விடுவது வழக்கம். வருகிற பறவை அந்த வெற்றிடத்தில் இறங்கப் பார்க்கும். இப்படிப் பறவையைக் காட்டிப் பறவையைப் பிடிக்கும் முறைக்கு நம் மொழியில் 'பார்வை' என்ற பழஞ்சொல்லே உண்டு. பார்வை மான், பார்வைப் பறவை என்று பழந்தமிழில் வழங்கியிருக்கிறது. நார்ஃபோக் வயலில் பிளாஸ்டிக் புறாவை நடும்போதெல்லாம் அந்தச் சொல் நினைவுக்கு வந்து ஒரு நிறைவைத் தருகிறது. ஆனால் எத்தனை பொம்மைகளைப் பரப்பினாலும், முந்தைய நாள் அதே நேரத்தில் வந்து, தொலைநோக்கியோடு ஒரு மணி நேரம் நின்று, எந்த வேலியைப் பிடித்து, எந்த மரத்தைத் தாண்டிப் புறாக்கள் வருகின்றன என்று பார்த்து வைப்பதற்கு அது ஈடாகாது. முந்தைய நாள் காலையில் பார்த்துவிட்டு மறுநாள் நண்பகலில் போய் அமர்வதும் பயனில்லை. காலையின் பாதை வேறு, நண்பகலின் பாதை வேறு.

பிப்ரவரி வந்தால் கணக்கு மாறுகிறது. ஃபெசன்ட், கௌதாரி வேட்டைக் காலம் பிப்ரவரி 1-ஆம் தேதியோடு முடிவதால், அதுவரை அந்தப் பறவைகளுக்காக அமைதியாக வைக்கப்பட்டிருந்த தோப்புகள் புறா சுடுகிறவர்களுக்குத் திறக்கின்றன. அந்த மாதத்துச் சனிக்கிழமை மாலைகளில், அக்கம்பக்கத்துத் தோப்புகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் நின்று, அடைய வரும் புறாக்களைச் சுடுவது இந்த வட்டாரத்தில் நெடுங்கால மரபு. ஓரிடத்தில் மட்டும் நின்றால் புறாக்கள் அடுத்த தோப்பில் போய் அமர்ந்துவிடும். எல்லா இடத்திலும் ஆள் இருந்தால்தான் அவை பறந்துகொண்டே இருக்கும். மாத நடுவில் மாலை ஐந்து மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது. மூன்றரைக்கே மரத்தடியில் நிற்க வேண்டும். காற்று பலமாக வீசும் மாலையே நல்ல மாலை. அமைதியான மாலையில் அவை எட்டாத உயரத்தில் வட்டமிட்டு, நெடுநேரம் பார்த்துவிட்டே இறங்கும். காற்றடித்தால் மரநுனிகளை உரசிக்கொண்டு, காற்றை எதிர்த்துத் தாழ்வாகவும் மெதுவாகவும் வரும். இலையற்ற ஓக் மரங்களுக்கிடையே, செவ்வானத்தின் முன்னால், இறக்கைகளை மடக்கிக்கொண்டு அவை சரிந்து இறங்கும் காட்சிக்கு ஈடாக இந்த நாட்டில் நான் வேறெதையும் கண்டதில்லை.

இருந்தும் அதை இரண்டாமிடத்தில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் காட்டுப்புறாவை ஆண்டு முழுவதும் சுடலாம் என்றாலும், வெறும் பொழுதுபோக்குக்காகச் சுட அனுமதி இல்லை. 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் காட்டுப் பறவைகள் அனைத்தையும் காக்கிறது. பயிருக்குக் கடும் சேதம் நேராமல் தடுக்க, அரசு வெளியிடும் பொது உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டே புறாவைச் சுடலாம். கொடி, வெடிச்சத்தக் கருவி போன்ற கொல்லாத வழிகளையும் முயல வேண்டும். 2019 ஏப்ரலில் ஒரு சட்ட எதிர்ப்பைத் தொடர்ந்து பழைய உரிமங்கள் திரும்பப் பெறப்பட்டு, புதியவை வந்தபோது, எங்களில் பலரும் அந்த நிபந்தனைகளை முதன்முறையாக வரிவரியாகப் படித்தோம். அது நல்லதுக்கே நடந்தது என்பது என் கருத்து. பயிருக்காகத்தான் சுடுகிறோம் என்றால், பயிரின்மீது பறவை நிற்கும் நேரத்தில், பயிர் நிற்கும் இடத்தில் சுடுவதே பொருந்தும்.

ரொனால்ட் மர்ட்டன் என்னும் பறவையியலாளர் 1950-களிலும் 60-களிலும் கேம்பிரிட்ஜ்ஷயரில் இந்தப் புறாக்களை ஆண்டுக்கணக்கில் எண்ணி ஆராய்ந்தார். குளிர்காலத்தில் எத்தனை புறாக்கள் பிழைக்கும் என்பதை வேட்டை அன்று, கிடைக்கும் உணவே தீர்மானிக்கிறது என்பது அவருடைய முடிவு. சுடப்பட்டவை போக எஞ்சியவற்றுக்கு உணவு கூடுதலாகக் கிடைத்ததால், பட்டினியால் சாக வேண்டியவை பிழைத்துக்கொண்டன. மரத்தடியில் நின்று இருபது, முப்பது புறாக்களை வீழ்த்தினால் தொகை குறைந்துவிடும் என்று நம்புவதற்கு அந்த ஆய்வு இடம் தரவில்லை. நண்பகலில் வயலோரம் இருக்கும் ஒருவன், அன்றைய பகலின் மிக நீண்ட மேய்ச்சல் நேரத்தில் அந்தக் கூட்டத்தை அந்த வயலில் தங்கவிடாமல் செய்கிறான். அந்த விவசாயிக்கு வேண்டியதும் அதுவே.

பொழுதோடு வானிலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூடுபனியில் போவதே வீண். மழை விட்ட பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம், அது எப்பொழுதானாலும், நல்லது. பனி தடித்து விழுந்து, மண் மூடி, கடுகின் நுனிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாள்களில் புறாக்கள் அச்சத்தை மறந்து நாள் முழுவதும் வரும். அப்படிப்பட்ட ஒரு நாளில் சுட்ட பறவையைக் கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு கத்தி விளிம்பைப் போலத் துருத்திக்கொண்டிருந்தது; தசையே இல்லை. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அன்று துப்பாக்கியை உறையில் இட்டுவிட்டு, வரப்பின் மேல் நடந்து, கையைத் தட்டி விரட்டினேன். பல நாள் நீடிக்கும் கடும்பனியில் இப்போது நான் சுடுவதே இல்லை.

மாலை வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டாக் டவ் என்னும் இன்னொரு புறா இதே தோப்புகளில் அடைகிறது. உருவத்தில் சற்றுச் சிறியது, வெள்ளைத் திட்டோ பட்டையோ இல்லாதது, சட்டத்தால் காக்கப்பட்டது. நல்ல வெளிச்சத்தில் இரண்டையும் பிரித்தறிவது எளிது. அந்தி மங்கும்போது வெள்ளைப் பட்டை கண்ணுக்குத் தெரியாது. வழிதவறி வந்த பந்தயப் புறாவும் அந்த நேரத்தில் வெறும் கரும்புள்ளிதான். வெள்ளைப் பட்டை தெரியாத முதல் பறவையோடு அன்றைய வேட்டையை நிறுத்திவிடுகிறேன், வானத்தில் இன்னும் நூறு பறவைகள் வந்துகொண்டிருந்தாலும். எஞ்சிய வெளிச்சத்தில், சருகுகளுக்கிடையே விழுந்த ஒவ்வொன்றையும் தேடி எடுக்க வேண்டும். காயப்பட்ட ஒன்றை இரவு முழுவதும் அங்கே விட்டு வருவதைவிட, பத்து வேட்டுகளை இழப்பது மேல். அதன்பிறகு பையில் உள்ளவற்றை எண்ணி, விவசாயியின் வாசலில் அவருக்கு வேண்டிய நான்கைக் கொடுத்துவிட்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, நெஞ்சுக்கறியை மிளகும் சின்ன வெங்காயமும் இட்டு வறுப்பதற்கு முன், ஒவ்வொன்றின் தீனிப்பையையும் திறந்து பார்த்து, சுட்ட நேரத்தையும் உள்ளே இருந்ததையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன்.