பட்டியலில் பெயர் இல்லையாம்: ஒரு கட்சி நொமினேசனைக் கடந்த கதை

கனடாவில் எம்.பி. தேர்தலுக்கு நிற்க, தேர்தலை நடத்தும் அரச அமைப்பான எலெக்‌ஷன்ஸ் கனடா கேட்பது அதிகமில்லை. குடியுரிமை, 18 வயது, தொகுதி வாக்காளர் 100 பேரின் கையெழுத்து, பிரசாரப் பணத்துக்குப் பொறுப்பான ஒரு உத்தியோகபூர்வ முகவர், ஒரு கணக்காய்வாளர். முன்பு 1,000 டொலர் வைப்புப் பணமும் கட்ட வேண்டியிருந்தது. 2017இல் அல்பேர்ட்டா நீதிமன்றம் அதைச் செல்லாது என்றுவிட்டது. சனத்தை அலைக்கழிப்பது அதற்கு முந்திய கட்டம்: கட்சியின் வேட்பாளர் யார் என்று அதன் உறுப்பினர்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்யும் நொமினேசன். 2025 ஏப்ரல் தேர்தலுக்குக் கிழக்கு ரொறன்ரோவில் ஒரு தொகுதியில் அந்த வேலையில் நின்ற குழுவில் நானும் ஒருவன். எங்கள் ஆள் நொமினேசனை வென்றுவிட்டார். ஆனாலும் பட்ட எரிச்சல் ஆறவில்லை. அடுத்த முறை இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கட்சியின் வடிகட்டல். கேள்விக்கொத்து, பொலிஸ் சான்று, கடன் அறிக்கைக்குச் சம்மதம், உங்களுடைய எல்லாச் சமூக ஊடகக் கணக்குகளும். இதைக் கட்சி அலுவலகத்தில் யாரோ இளைஞர்கள்தான் வாசிக்கிறார்கள், தமிழ்ப் பதிவுகளை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு. அந்தக் கருவி பழைய முகநூல் பதிவு ஒன்றை என்ன பாடு படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுப் பதிவு ஒன்றுக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. அந்த நாளை நினைவுகூரும் தீர்மானத்தை 2022இல் கனடிய நாடாளுமன்றமே ஏகமனதாக நிறைவேற்றியது என்று இணைப்போடு பதில் அனுப்பிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வரக்கூடிய பதிவு, படம், கொடி எல்லாவற்றுக்கும் நீங்களே ஆங்கில மொழிபெயர்ப்பும் இரண்டு வரி விளக்கமும் சேர்த்து முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

இந்த வடிகட்டல் தேடுவது கட்சிக்கு நாளைக்குத் தலையிடி தரக்கூடியதை மட்டும். ஆளுக்குச் சட்டமூலம் ஒன்றை வாசித்து விளங்குமா, தொகுதியில் வாடகை என்ன, எந்த பஸ் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தலையிடியும் எப்போதும் பிடிபடுவதில்லை. 2021இல் ரொறன்ரோவின் ஸ்பாடினா–ஃபோர்ட் யோர்க் தொகுதியில் லிபரல் கட்சி வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன் தன் வேட்பாளரைக் கைவிட்டது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் ஏற்கெனவே ஏறியிருந்தது. அவர் வென்று, சுயேச்சையாக 2025 வரை இருந்தார்.

அடுத்தது உறுப்பினர் சேர்ப்பு. முழுப் போட்டியும் உண்மையில் இங்கேதான். பெரும்பாலான கட்சிகளில் 14 வயதிலிருந்து சேரலாம்; குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியும் சேரலாம். ஆட்களைச் சேர்ப்பது கஷ்டமில்லை. சேர்த்த ஆள் பட்டியலில் நிற்பதுதான் கஷ்டம். எங்கள் பக்கத்தில் பெயர்கள் காணாமல் போனதற்கு முதல் காரணம் மின்னஞ்சல். அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் பேரன் தன்னுடைய முகவரியையே போட்டிருந்தான்; ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு உறுப்பினர் என்று கணினி மற்றப் பெயர்களைத் தூக்கி எறிந்துவிட்டது. கட்சி இதை ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல் திறந்து, உறுதிப்படுத்தல் கடிதம் வந்ததைக் கண்ணால் பார்த்து, அதைப் படம் எடுத்து வையுங்கள். கட்டணம் உள்ள கட்சி என்றால் அவரவர் அட்டையில் அவரவர் கட்ட வேண்டும். ஒரே அட்டையில் பத்துப் பேருக்குக் கட்டினால் பத்தும் போகும்.

கடைசித் திகதி பற்றி ஒரு எச்சரிக்கை. கட்சி விரும்பிய நேரம் அறிவிக்கும். அறிவிக்கும் நாளிலேயே அது கடந்தும் இருக்கலாம். ‘அறிவித்த பிறகு சேர்ப்போம்’ என்று இருந்த மற்றக் குழு ஒன்று அப்படியே நின்றது. முறையிடுவதென்றால் அதே கட்சியின் குழுவிடம்தான். எலெக்‌ஷன்ஸ் கனடாவுக்கு அழைத்தால், பணக் கணக்கு மட்டும்தான் எங்கள் பொறுப்பு என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, சட்டம் அப்படி.

வாக்களிப்பு இரவு ஒரு விருந்து மண்டபத்தில். குடும்பப் பெயரின் முதல் ஆங்கில எழுத்து வாரியாக மேசைகள். செல்லம்மா கந்தையா என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் குடும்பப் பெயர் கந்தையா. படிவத்தை நிரப்பியவர் செல்லம்மாவைக் குடும்பப் பெயரில் போட்டுவிட்டார். அவர் ‘கே’ வரிசையில் நின்று மேசைக்கு வர, “உங்கட பெயர் இல்லை அம்மா.” “நேற்றும் கட்சியிலயிருந்து போன் வந்தது பிள்ளை.” பெயர் ‘எஸ்’ மேசையில் இருந்தது. அங்கே போக இன்னொரு வரிசை. இப்படிப் பலர் கதிரை தேடி, கால் உளைந்து, வாக்குப் போடாமலே வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் எங்கள் ஆள் ஒருவரை, இரு பெயரும் எழுதிய சொந்தப் பட்டியலோடு நிறுத்திய பிறகுதான் இது குறைந்தது. அதை முதல் மணித்தியாலத்திலேயே செய்யுங்கள்.

அடையாளமும் அப்படித்தான். முதியவர்கள் கையோடு கொண்டுவருவது ஹெல்த் கார்ட். அதில் முகவரி கிடையாது. ஹைட்ரோ (மின்சார) பில் மகன் பெயரில். லைசன்ஸ் இல்லாதவர்களுக்கு 35 டொலருக்கு ஒன்ராறியோ போட்டோ கார்ட் கிடைக்கும், படமும் முகவரியும் அதில் உண்டு. தபாலில் வர வாரக்கணக்கு எடுக்கும் என்பதால் உறுப்பினர் சேர்க்கும்போதே எடுப்பியுங்கள். இல்லாவிட்டால் அவரவர் பெயரில் வங்கிக் கடிதம். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் கேட்டால் ரொறன்ரோவின் டொன் வலி நோர்த் தொகுதியைத்தான் சொல்கிறார்கள். 2019இல் அங்கே நொமினேசனுக்கு வெளிநாட்டு மாணவர்கள் பஸ்ஸில் வந்தது பற்றி விசாரித்த நீதியரசர் ஓக், இந்தப் போட்டிகள் வெளிநாட்டுத் தலையீட்டுக்கு வாசலாகலாம் என்று 2024 மே அறிக்கையில் எழுதினார். நியாயமான கவலை. ஆனால் எங்கள் மண்டபத்தில் அந்த வாசலில் மாட்டியது வாக்கரோடு வந்த கிழவிகள்.

வாக்குச்சீட்டு விருப்பு வரிசைப்படி. 1, 2, 3 என்று போட வேண்டும். ஊர்ப் பழக்கத்தில் புள்ளடி போட்ட சீட்டுகள் தனியாக வைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வாக்குவாதம். மாதிரிச் சீட்டு அச்சடித்து வீடு வீடாகப் பழக்குங்கள். தோற்கக்கூடிய போட்டியாளரின் ஆட்களிடமும் இரண்டாம் விருப்பைக் கேளுங்கள், வெட்கப்படாமல். எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

இவ்வளவு அல்லோலகல்லோலத்துக்கும், போட்டி நடந்ததே அதிர்ஷ்டம். 2004 முதல் 2015 வரையான ஐந்து தேர்தல்களின் வேட்பாளர்களைக் கனடிய ஜனநாயக ஆய்வு அமைப்பான சமாரா மையம் ஆராய்ந்தபோது, உண்மையான போட்டியில் வந்தவர்கள் 17 வீதம்தான். மற்றவர்கள் நியமனம், அல்லது எதிராளே இல்லாமல் தெரிவு. வேட்பாளர் தரமில்லை என்று கோப்பிக்கடையில் கதைக்கிறவர்கள் எத்தனை பேர் அந்த நேரத்தில் உறுப்பினராக இருந்தார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

காசு விஷயம் எங்கள் சமூகத்துக்கு ஒரு தனிப் பொறி. கம்பனிக் காசோலை வாங்கவே முடியாது. குடியுரிமையாளர் அல்லது நிரந்தரவாசி ஒருவரின் சொந்தப் பணம் மட்டும். காசாக 20 டொலருக்கு மேல் கூடாது, கவரில் போட்டுத் தந்தாலும். 2025இல் ஒருவர் ஒரு கட்சியின் வேட்பாளர்கள், நொமினேசன் போட்டியாளர்கள், தொகுதிச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடியது 1,750 டொலர். உணவகக்காரர் அன்பளிப்பாக அனுப்பிய ரோல்ஸ் தட்டுகளுக்கு முழு விலை கட்டிப் பற்றுச்சீட்டு எடுத்தோம், ஏனென்றால் அது கம்பனி தந்த பங்களிப்பாகிவிடும். தொழிலாக வீடியோ எடுப்பவர் ‘சும்மா எடுத்துத் தாறன்’ என்றாலும் அவருடைய வழமையான கட்டணம் பங்களிப்பாகத்தான் கணக்கில் வரும்.

எலெக்‌ஷன்ஸ் கனடா கட்டத்தில் ஒரு பகல் வீணானது வங்கியில். தேர்தல் கணக்கு என்றால் என்னவென்று கிளையில் ஒருவருக்கும் தெரியவில்லை. வியாபாரப் பதிவு கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். முகவர் நியமனக் கடிதத்தோடு, முன்கூட்டியே நேரம் எடுத்து, வணிகப் பிரிவுக்கே போங்கள்.

நூறு கையெழுத்துக்குக் குறைந்தது நூற்றைம்பது எடுங்கள். 2025இல்தான் புதிய எல்லைகள் முதல் முறையாக நடைமுறைக்கு வந்தன, 338 தொகுதி 343 ஆனது. தெருவுக்கு இந்தப் பக்கம் எங்கள் தொகுதி, அந்தப் பக்கம் வேறு. தபால் குறியீட்டை எலெக்‌ஷன்ஸ் கனடா தளத்தில் அடித்துப் பார்க்காமல் ஒரு கையெழுத்தும் எடுக்காதீர்கள். நிரந்தரவாசியின் கையெழுத்து இங்கே செல்லாது, கட்சிக்குள் அவர் வாக்குப் போட்டிருந்தாலும். கொண்டோவில் இருப்பவர் அலகு எண் எழுத மறந்தால் அந்த வரியில் சிக்கல் வரும். இன்னொரு வேட்பாளருக்குக் கையெழுத்து வைத்தவர் உங்களுக்கும் வைக்கலாம். ‘வேறு ஆளுக்குப் போட்டுட்டன்’ என்று சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

வேட்புமனு கொடுக்கும் நேரம் முடிவது வாக்களிப்புக்கு 21 நாள் முந்திய திங்கள் பிற்பகல் 2 மணி, 2025இல் அது ஏப்ரல் 7. தொகுதித் தேர்தல் அலுவலர் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தருவார். நிராகரித்தால் திருத்திக் கொடுக்கலாம், ஆனால் அதே 2 மணிக்குள். ஆகவே வெள்ளிக்கிழமை காலைக்கு முன் கொடுத்துவிடுங்கள். நொமினேசனில் 1,000 டொலரோ அதற்கு மேலோ வாங்கியோ செலவழித்தோ இருந்தால் அதற்குத் தனிக் கணக்கறிக்கை உண்டு, நான்கு மாதத்துக்குள். தோற்றவருக்கும் அதே விதி. தோற்றவர்கள்தான் அதை மறக்கிறார்கள்.