கடைமடைக்காரரும் கசிவுநீர்க்காரரும்

ஈரோட்டுப் பக்கம் ஓடும் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்ற தகராறைப் பற்றி விசாரிக்கப் போகிறவரிடம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "நீங்க கான்கிரீட்டுக்கு ஆதரவுங்களா, எதிர்ப்புங்களா?" இரண்டு பக்கத்தையும் கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்று சொன்னால் பெருந்துறைப் பக்கம் யாரும் நம்புவதில்லை. மோர் கொடுத்து உட்கார வைப்பார்கள், விஷயம் மட்டும் வெளியே வராது. அதனால் நான் பதில் சொல்வதை விட்டுவிட்டு, "உங்க மதகு ஒற்றைப்படைங்களா, இரட்டைப்படைங்களா?" என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தேன். அப்புறம் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தது. அங்கே புறப்படும் வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் விடத் தண்ணீர் கிடையாது. ஆகவே ஒரு வருஷம் ஒற்றைப்படை மதகுகளுக்கு நஞ்சை, மற்றவர்களுக்குப் புஞ்சை, மறுவருஷம் மாறிக்கொள்ளும். வாய்க்காலை வெட்டியது வெறும் மண் வாய்க்காலாகத்தான். அது கசிகிறது. அந்தக் கசிவில்தான் இரண்டு பக்கத்துக் கிணறுகளும் ஊறுகின்றன, தென்னையும் மஞ்சளும் அதை நம்பி நிற்கின்றன. கசிந்தது போக மிச்சம்தான் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு. கான்கிரீட் போட்டுச் சீரமைக்க 2020இல் 700 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி அரசாணை வந்ததும், ஒரே சாதி, ஒரே குலதெய்வம், பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன: கடைமடைக்காரர்கள் கான்கிரீட் வேண்டும் என்றார்கள், கசிவை நம்பிய மேல்பகுதிக்காரர்கள் கூடாது என்றார்கள். உண்ணாவிரதம், கடையடைப்பு, வழக்கு என்று எல்லாம் நடந்தது.

இதில் என்னை ரொம்ப நாள் குழப்பிய விஷயம், சண்டையின் கோடு ஒரே இடத்தில் நிற்காததுதான். கான்கிரீட் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இரண்டு பேர், அணையில் தண்ணீர் குறைந்துவிட்டால் ஒரே வேனில் ஏறி ஈரோட்டுக் கலெக்டர் ஆபீஸுக்குப் போவார்கள். அப்போது எதிராளி பழைய ஆயக்கட்டு, அதாவது அணைக்கு முன்பே இருந்த பாசனம்: கொடிவேரியிலிருந்து பாயும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடும் காலிங்கராயன். "அவங்களுக்கு எப்பவும் மொதப் பந்தி" என்று புது ஆயக்கட்டான கீழ்பவானியில் கொதிப்பார்கள். "எங்க பாட்டன் காலத்துல பவானிசாகரே கிடையாதுங்க" என்பார்கள் அந்தப் பக்கம். இரண்டும் உண்மை.

இந்தத் தகராறை விசாரித்து அறிக்கை எழுதப் போன எங்கள் குழு செய்த வேலையில் எனக்கு முழு நம்பிக்கை உள்ள ஒன்று, ஆட்களை இடம் மாற்றி நடக்க வைத்தது. இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 2003இல் காவிரிப் பிரச்சினையில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் தமிழக, கர்நாடக விவசாயிகள் 'காவிரிக் குடும்பம்' என்று கூடிப் பேசினார்கள். ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தார்கள். பங்கீட்டை அது முடிவு செய்யவில்லை. 2007இல் நடுவர் மன்றமும் 2018இல் உச்ச நீதிமன்றமும்தான் அதைச் செய்தன. அதைச் சொல்லி அந்த முயற்சியைத் தோல்வி என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. தீர்ப்பால் டி.எம்.சி. கணக்கைத்தான் கொடுக்க முடியும். பஞ்ச வருஷத்தில் எதிர்க்கரைக்காரனுக்கும் காய்கிறது என்பதை அவன் வயலில் நின்று பார்த்தால்தான் மனசு ஒப்பும்.

மங்களப்பட்டிப் பக்கத்துக் கடைமடைக்காரர்களை மேல்பகுதிக்குக் கூட்டிப்போனோம். கிணற்றில் டேப்பை விட்டு அளப்பதை அவர்கள் கையிலேயே கொடுத்தோம். வாய்க்காலில் தண்ணீர் விடும் முன்பு ஒரு அளவு, விட்டுச் சில நனைப்பு, அதாவது முறைத் தண்ணீர், போன பிறகு ஒரு அளவு. எங்கள் வரைபடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்கள், தாங்களே அளந்ததை மறுக்கவில்லை. மேல்பகுதிக்காரர்கள் கடைமடைக்குப் போனபோது அங்கே கிளை பிரியும் கொப்பு வாய்க்காலில் தண்ணீருக்குப் பதில் வேலிக்கருவை நிற்பதைப் பார்த்துவிட்டு வண்டியில் யாரும் பேசவில்லை. அதற்காக மனம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். மறுநாள் பழைய வாதமேதான், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இரண்டு தரப்பும் தனியாகப் பேசும்போது ஒத்துக்கொள்ளும் ஒன்று உண்டு: கரையை ஒட்டிக் கிணறு வெட்டி, குழாய் போட்டுப் பல மைல் தள்ளித் தண்ணீர் கொண்டுபோகிறவர்களாலும் தண்ணீர் குறைகிறது என்பது. கூட்டத்தில் இதை எடுத்தால் சட்டென்று அமைதி. அப்படிக் குழாய் போட்டவர்களில் மச்சானும் இருப்பார், சம்பந்தியும் இருப்பார், சங்கத்துக்கு நன்கொடை தருகிறவரும் இருப்பார். இந்தச் சண்டையில் கான்கிரீட் இவ்வளவு பெரிதானதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அரசாங்கத்தைத் திட்டலாம், சம்பந்தியைத் திட்ட முடியாது.

அடுத்து, பேச்சுக்கே அழைக்கப்படாதவர்கள். ஆயக்கட்டுப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் பாசன சபையில் பேச்சு. பதிவேட்டுக்கு வெளியே, கசிவில் ஊறும் கிணற்றை வைத்து மாடு கன்றோடு பிழைக்கிறவர்கள் உண்டு. குடிதண்ணீரே அந்தக் கசிவுதான் என்றிருக்கும் அருந்ததியர் காலனிகள் உண்டு. கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தால் அவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். வந்தார்கள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் ராசியாப் போயிட்டா எங்க கெணத்துக்கு என்னங்க ஆகும்?"

இரு தரப்பிலும் பதில் இல்லை. அறிக்கையில் அந்தக் கேள்விக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினோம். வரைவைப் படித்த இரு தரப்புத் தலைவர்களும், அதுவரை ஒரு வரியில்கூட ஒத்துப்போகாதவர்கள், அதை எடுத்துவிடச் சொன்னார்கள். "இது வேற பிரச்சினைங்க, இதுல கலக்காதீங்க." எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. கடைசி பெஞ்சுக்காரர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள், நாங்கள் அவர்கள் கிணறுகளின் பட்டியலை எடுக்க ஆரம்பித்தோம்.