கிடங்கு காலியானால் கதவு திறக்கும்

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தின் ஃப்ரீசரில் தாப்சிகார்கின் என்று எழுதிய சின்னக் குழாய் எப்போதும் இருக்கும். மத்தியதரைக்கடல் பக்கம் வளரும் ஒரு செடியின் நஞ்சு. செல்லுக்குள் கால்சியம் எப்படிச் சேதி சொல்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தைவிட இந்த நஞ்சுதான் எனக்கு நன்றாகப் புரியவைத்தது.

செல்லுக்கு வெளியே கால்சியத்தின் செறிவு 1 முதல் 2 மில்லிமோலார். சும்மா இருக்கும் செல்லின் உள்கூழான சைட்டோபிளாசத்தில் 100 நானோமோலார்தான், பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மற்ற சேதி மூலக்கூறுகளை வேலை முடிந்ததும் சிதைத்துவிடலாம். கால்சியம் தனிமம், சிதைக்க வழியில்லை. ஒன்று பம்பு வைத்து வெளியேற்ற வேண்டும், அல்லது செல்லுக்குள்ளேயே கால்சியக் கிடங்காக இருக்கும் எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற சவ்வுப் பைகளுக்குள் அடைக்க வேண்டும். அடைக்கிற பம்பின் பெயர் செர்கா. தாப்சிகார்கின் அதை முடக்கும். வலைப்பின்னலிலிருந்து கால்சியம் எப்போதும் கொஞ்சம் கசியும் என்பதால், திருப்பி ஏற்ற ஆளில்லாமல் சில நிமிடங்களில் கிடங்கு காலி.

செல்களைக் கால்சியமே இல்லாத பஃபரில், அதாவது உப்புக் கரைசலில், வைப்போம். உள்ளே, கால்சியம் ஒட்டினால் ஒளிர்வு மாறும் ஃப்யூரா-2 சாயம். 340, 380 நானோமீட்டர் ஒளியை மாற்றி மாற்றி அடித்தால், இரண்டிலும் அது ஒளிரும் விகிதத்தைக் கணினி கோடாக வரையும். கோடு ஏறினால் சைட்டோபிளாசத்தில் கால்சியம் கூடுகிறது. நஞ்சை விட்டதும் கோடு சின்ன மேடாக ஏறி இறங்கும். அது கிடங்கிலிருந்து கசிந்தது. அப்புறம் பஃபரில் 2 மில்லிமோலார் கால்சியம் சேர்த்தால் கோடு விர்ரென்று ஏறும். நஞ்சு தொடாத செல்லில் இதே கால்சியத்தைச் சேர்த்தால் பெரிதாக அசையாது. (கோடு ஏறும்போது அறையில் யாரும் பேசமாட்டோம். பேசினால் ஒன்றும் கெட்டுவிடாது, இருந்தாலும்.)

சரி, உள்ளே கிடங்கு காலி என்று வெளிச்சவ்வுக்கு யார் சொன்னது? இப்படி ஒரு வழி இருந்தாக வேண்டும் என்று ஜேம்ஸ் பட்னி என்ற ஆய்வாளர் 1986-லேயே எழுதினார். ஆள் அகப்பட்டது 2005-இல். ஸ்டிம்1 என்ற புரதம் வலைப்பின்னலின் சவ்வில் இருந்துகொண்டு, உள்ளே இருக்கும் கால்சியத்தைப் பிடித்திருக்கும். அது குறைந்ததும் ஸ்டிம்1 ஒன்றோடொன்று கூடி, வலைப்பின்னல் வெளிச்சவ்வை ஒட்டி நிற்கும் இடங்களுக்கு நகரும். அங்கே இரண்டு சவ்வுக்கும் நடுவே 10, 20 நானோமீட்டர்தான் இடைவெளி. அதைத் தாண்டி நீண்டு, ஓராய்1 என்ற கதவைத் திறந்துவிடும். ஒளிரும் புரதம் ஒட்டிய ஸ்டிம்1-ஐ மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல் முழுக்க நூல் நூலாகப் பரவியிருந்தது நஞ்சு பட்டதும் புள்ளி புள்ளியாகத் திரளும், திடீர் மழைக்குத் தெருவில் போகிறவர்கள் கடை வாசல்களில் ஒதுங்குவது போல.

எனக்கு இதில் பிடித்ததே, இங்கே கால்சியம் இல்லை என்பதுதான் சேதி. அது வந்து சொல்வது பாதிக் கதை.

ஓராய்1-இல் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிப் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2006-இல் கட்டுரை வந்தது. கடுமையான நோய் எதிர்ப்புக் குறைபாடு. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி-செல்கள் இருந்தும் தூண்டினால் வேலை செய்யவில்லை. அந்தச் செல்களிலும் தாப்சிகார்கின் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். முதல் மேடு சரியாகவே இருந்தது. இரண்டாவது ஏற்றம்தான் இல்லை.